மயிலுக்காக வாயை மூடிக்கொண்ட நாள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். எனக்குப் பேனாவைவிடக் கொடுவாள் சொன்ன பேச்சைக் கேட்கும். அதோடு, நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே ஒரு காலை நேரத்தைப் பற்றி எழுதினால் ஊரில் என் மரியாதை என்ன ஆவது? ஆனாலும் அந்த நாளை நினைத்தால் இப்போதும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற சாலையில், மலையடிவாரத்தை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எம்மாம் பெரிய காடு" என்பார்கள். காடாவது ஒன்றாவது. அதுவும் கத்தரிக்காய் மாதிரி வெள்ளாமைதான். என்ன, பல வருஷம் பொறுக்க வேண்டிய கத்தரிக்காய். நெருக்கி நெருக்கிக் கன்று வைப்பார்கள். முதல் கோடை முழுக்கத் தண்ணீர் கட்டுவார்கள். அடிக்கிளையைக் கழித்துவிடுவார்கள். அப்புறம் அது பாட்டுக்கு வானத்தைப் பார்த்து வளரும். வளர்ந்து முடிந்ததும் எங்கள் கூட்டம் போய் இறங்கும். பருத்த மரம் காகித ஆலைக்கு, நீட்டுக்கம்பு கட்டட வேலைச் சாரத்துக்கு, மிளாறு அடுப்புக்கு.

தோப்பு செஞ்சி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிற பாயுடையது. அவருக்கு முட்டிவலி, கடையை விட்டு நகர மாட்டார். அவர் மகன்தான் தினமும் பைக்கில் வந்து நிற்பான். அவன் என்னோடு படித்தவன். அவன் பன்னிரண்டாவது வரைக்கும் போனான், நான் பாதி வழியில் இறங்கிக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வாருவான். நான் சும்மா விடுவேனா? வெயிலுக்கு அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்பதைப் பார்த்து, "மொதலாளி நிலாவுக்குக் கெளம்பிட்டாரு" என்பேன்.

எங்கள் மேஸ்திரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோப்பைச் சுற்றி வளைத்து வெட்ட விடமாட்டார். சாலைப் பக்கம் ஆரம்பித்து, வரிசை வரிசையாக மலையைப் பார்த்துத்தான் போக வேண்டும். உள்ளே இருக்கிற உயிரெல்லாம் அந்தப் பக்கம் மலையேறி ஓட வழி வேண்டுமாம்.

"அப்படியே முயலுக்கு பஸ் டிக்கெட்டும் எடுத்துக் குடுத்துடு மேஸ்திரி" என்றேன்.

"நீ மொதல்ல கிளையக் கழிடா" என்றார்.

தோப்பு சுருங்கச் சுருங்க, உள்ளே இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முயல் வந்தது, கௌதாரி வந்தது, கீரி ஒன்று குடும்பத்தோடு வந்தது. நான் பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி மூக்கால் பேசி வழியனுப்பினேன்: "திருவண்ணாமலை செல்லும் முயல் இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." கிளை கழிக்கிற அக்கா சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே போட்டுவிடுவார்.

கடைசி நாள் காலையில் மிச்சம் இருந்தது ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குத்தான். சித்திரை வெயில் அதற்குள்ளேயே முதுகில் ஏறிவிட்டது. மிஷின்காரர் மரத்தை அறுக்க வசதியாக, நான் முன்னால் போய் அடியில் இருந்த புதரை வெட்டிக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் அடுத்த பஸ்ஸை அறிவித்துக்கொண்டிருந்தது. காலை எடுத்து வைத்தேன். தரையே வெடித்தது மாதிரி என்னமோ படபடவென்று என் முகத்தில் அடித்துக்கொண்டு மேலே போனது. நான் மல்லாக்க விழுந்தேன்.

பெண்மயில்! மரத்துக்கு மேலே எழும்பி, மலைப் பக்கம் பாறைக்குப் பின்னால் போய் மறைந்தது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க, இதுக்கும் டிக்கெட் கிழி பாக்கலாம்" என்றார் அக்கா. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்; அப்போதுதான் அது கண்ணில் பட்டது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளி, சவுக்குச் சருகில் ஒரு பள்ளம். அதில் ஐந்து முட்டை. பால் அதிகம் விட்ட டீயின் நிறம்.

"தொடாத! தொட்ட, ஃபாரெஸ்ட்காரன் வந்து உன்னத் தூக்கினு போவான்" என்று மேஸ்திரி கத்தினார்.

தொடுகிற நிலையிலா இருந்தேன்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளும் மிஷின் உறுமிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கிறது. மரம் ஒவ்வொன்றும் தடதடவென்று விழுந்திருக்கிறது. அது போதாதென்று என் பஸ் அறிவிப்பு வேறு. முயல் ஓடிவிட்டது, கீரி ஓடிவிட்டது. இது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நானாக இருந்தால் முதல் மரம் சாய்ந்தபோதே திண்டிவனம் போயிருப்பேன்.

நண்பன் ஹெல்மெட்டோடு ஓடி வந்தான்.

"டேய், இந்தத் துண்ட மட்டும் விட்டுடலாண்டா" என்றேன்.

"வெளையாடுறியா? நாளைக்கி ஜேசிபி வருது வேரு தோண்ட. ஒரு குச்சி நிக்கக்கூடாதுன்னு எங்க அத்தா சொல்லிக்கிறாரு."

"நெழல் போச்சுன்னா முட்ட வெந்துடும்டா. அத்தாவுக்குப் போன் போடு. போடு மச்சான்."

அவன் முதல் முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினான். போனை எடுத்துக்கொண்டு கிணற்றுமேட்டுப் பக்கம் போனான். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை. அதில் வரப்போவது எனக்கு முன்னாலேயே தெரியும்.

திரும்பி வந்து சொன்னான்: "இன்னிக்கி லோடு ஏத்தி முடிக்கறதுக்குள்ள அது வந்து முட்ட மேல ஒக்காந்தா மரம் நிக்கட்டும். வரலேன்னா வெட்டிடணும். தாய் வராத முட்டைக்கி எதுக்குடா தோப்பு?"

சரியான பேச்சுதான். மிஷினை அணைத்தார்கள். வெட்டி அடுக்கியிருந்த கட்டைக்குப் பின்னால் எல்லாரும் ஒதுங்கினோம்.

"சத்தம் இல்லேன்னா வந்துடும்" என்றார் மேஸ்திரி. உடனே எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

"இவன இன்னா பண்றது?" என்றார் அக்கா.

என் துண்டையே எடுத்து என் வாயில் கட்டினான் நண்பன். அதற்கப்புறம் அவர்களுக்குத் திருவிழாதான். அக்கா என் காதுக்குள் வந்து, "நேத்து எம் பொடவையப் பாத்து மஞ்சப் பைன்னியே, இப்ப சொல்லு தம்பி" என்றார். மேஸ்திரி தன் பங்குக்கு, "வாயில்லாத புள்ளம்மா, உடு" என்றார். எனக்கு நல்ல நல்ல பதிலாக நெஞ்சு வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது. ஒவ்வொன்றும் எப்பேர்ப்பட்ட பதில்!

மயில் வரவில்லை. வெயில் ஏறியது. மிச்சம் நின்ற தோப்பின் நிழல் குறுகிக் குறுகி, வெயில் முட்டைப் பக்கம் நகர்ந்தது. அப்போது தூரத்தில் லாரி வருவது தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த டிரைவர் மண்பாதையில் திரும்பும்போது பாட்டு ஹாரன் அடிக்காமல் திரும்பியதே கிடையாது!

எழுந்து ஓடினேன். வெட்டின கட்டையெல்லாம் காலைக் குத்துகிறது, எங்கே பார்ப்பது? வரப்பில் ஏறி, லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். டிரைவர் பிரேக் அடித்துத் தலையை நீட்டினார். வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கலாம் என்பதே எனக்கு மறந்து போச்சு. கையால் ஹாரன் வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதுகுக்குப் பின்னால் விரலை விரித்துத் தோகை காட்டி, கழுத்தை ஆட்டி, சாலையோரத்தில் மயில் மாதிரியே இரண்டு சுற்று சுற்றினேன்.

"இன்னா நைனா, சாமி வந்துடுச்சா?" என்றார் டிரைவர். பயந்துபோய் இன்ஜினையும் நிறுத்திவிட்டார். எனக்கு அது போதும்.

அன்றைக்கு மாதிரி லோடு ஏற்றி நான் பார்த்ததில்லை. லாரியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டையையும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு போனோம். ஒருத்தரும் கை ஓங்கி எறியவில்லை. அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாலைந்து கட்டை இருக்கும்போது அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

பாறைச் சந்திலிருந்து அது நடந்து வந்துகொண்டிருந்தது. இரண்டடி வைக்கும், நிற்கும், கழுத்தை நீட்டும். அதே நேரத்தில் ஒரு காக்கா மிச்சம் நின்ற மரத்தில் வந்து உட்கார்ந்தது. கீழே பார்த்தது. தரையில் இறங்கியது. பள்ளத்தை நோக்கி ஒரு தத்து. இன்னொரு தத்து. நான் கல்லை எடுத்தேன். எறிந்தால் காக்கா போகும், கூடவே மயிலும் போகும். எறியாவிட்டால் முட்டை போகும். நண்பன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

காக்கா மூக்கை நீட்டியது. மயில் நடக்கவில்லை, பாய்ந்தது! றெக்கையை அகல விரித்து, தலையைத் தாழ்த்தி, தரையோடு தரையாக ஒரே ஓட்டம். காக்கா கத்திக்கொண்டு பறந்தது. மயில் பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தது. சருகைக் காலால் ஒதுக்கியது. உட்கார்ந்தது. உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்து, அப்படியே பதிந்தது.

அக்கா புடவை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குதித்தார். மேஸ்திரி என் முதுகில் சத்தம் வராமல் குத்திக்கொண்டே இருந்தார். நான் சாலைக்கு ஓடி, லாரிக்கு அந்தப் பக்கம் போய், துண்டை அவிழ்த்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு கத்து கத்தினேன். அந்த வழியாக வந்த டவுன் பஸ்ஸில் எல்லாத் தலையும் ஜன்னலுக்கு வந்தது.

மறுநாள் ஜேசிபி அந்தத் துண்டுத் தோப்பை விட்டு ஒதுங்கித் தூரத்திலேயே தோண்டிவிட்டுப் போனது. மொட்டை நிலத்தின் நடுவில் அது முடிவெட்டுகிறவர் மறந்துவிட்ட குடுமி மாதிரி நின்றது. வைகாசியில் ஒருநாள் நானும் நண்பனும் போனபோது பள்ளத்தில் வெறும் ஓடுதான் கிடந்தது. பதறிப் போய் நிமிர்ந்தால், மலைப் பக்கம் தாய் மயில் போகிறது, பின்னாலேயே புல்லை விலக்கிக்கொண்டு பொடிப் பொடியாகக் குஞ்சுகள். ஒரு குஞ்சு வரப்பில் ஏற முடியாமல் சறுக்கி விழுந்து விழுந்து எழுந்தது. "ஏறு, ஏறு" என்று நாங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று கத்தினோம். ஏறிவிட்டது.

திரும்பி பைக்குக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு குச்சி நிற்கக்கூடாது என்ற மனுஷன் இத்தனை நாள் ஒரு துண்டுத் தோப்பையே விட்டு வைத்திருக்கிறார்.

"அது சரி மச்சான், அன்னிக்கிப் போன்ல உங்க அத்தா எப்படிடா ஒத்துக்கினாரு?" என்றேன்.

"நான் அவரக் கேட்டாத்தானடா அவரு ஒத்துக்கறதுக்கு."