இடது கண்ணுக்கு இடமில்லை

முகம் துடிக்க ஆரம்பித்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. முதலில் இடது கண்ணின் கீழ் இமை மட்டும் கொஞ்ச நேரம் துடித்து நிற்கும். நான் கண்டுகொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு மதுராந்தகத்துப் பக்கத்து ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். செங்கல் சூளை, லாரி, பரோட்டாக் கல், மாமல்லபுரத்தில் கருங்கல் சிலைக்குப் பாலீஷ் போடுவது என்று சுற்றியதில், உடம்பில் ஏதாவது ஒன்று எப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், ஃபைபர் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். படகுக்காரரின் மகன் அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டதால் காலியான இடம் அது. கடலோரத்தில் பிறக்காதவனை யாரும் லேசில் படகில் ஏற்ற மாட்டார்கள். வாந்தி எடுத்து, உள்ளங்கை கிழிந்து, இரண்டு வருடத்தில் அந்த இடத்தை என்னுடையதாக்கி இருந்தேன். நான் ஒரே வேலையில் இரண்டு வருடம் நிலைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்று மாதத்தில் துடிப்பு கன்னத்துக்கு இறங்கி வாயோரத்தையும் பிடித்துக்கொண்டது. கண் தானாக மூடும், கூடவே உதடு மேலே இழுக்கும். கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கண்ணடிப்பது போல அச்சாக இருந்தது.

மீன் ஏலத்தில்தான் வம்பு வந்தது. எங்கள் படகு மீனை வழக்கமாக எடுக்கும் அக்கா எதிரே நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கூடையோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டு வரை போய் விற்பவர். அவரைப் பார்த்த நேரத்தில் என் முகம் இழுத்தது.

“யாரப் பாத்துடா கண்ணடிக்கிற? பேரன் எடுத்தவ நானு!”

“நான் அடிக்கலக்கா. அதுவா அடிக்குது.”

“அதுவா அடிக்குதா? என் செருப்பும் அதுவா அடிக்கும், பரவால்லியா?”

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். அக்கா கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“அய்ய, மெய்யாலுமே துடிக்குது நைனா. டாக்டராண்ட காட்னியா?”

சிரிக்காதவர் படகுக்காரர் ஒருவர்தான். “எந்தக் கண்ணு?” என்று கேட்டார். இடது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆணுக்கு இடது கண் துடித்தால் கெடுதல், பெண்ணுக்கு நல்லது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். அந்த வாரம் இரண்டு நாள் வலை வெறுமனே வந்திருந்தது. மறுநாள் படகைத் தள்ளும்போது என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

“துடிக்கறது நிக்கட்டும். அப்பால வா.”

“நிக்கலன்னா?”

அவர் படகில் ஏறிவிட்டார். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் ஏறினார்கள்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு இளம் டாக்டரம்மா எவ்வளவு நேரம் தூங்குகிறேன், எத்தனை டீ குடிக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். தூக்கம் நாலு மணி நேரம், டீ எண்ணியதில்லை என்றேன்.

“இமை மட்டும் துடிச்சா தூக்கமில்லாதது, டீ, கண் கூசுறது, கவலைன்னு ஏதாவது காரணமா இருக்கலாம். பெரும்பாலும் தானா நின்னுடும். உங்களுக்கு வாய் வரைக்கும் இழுக்குதே, அது வேற. ஸ்கேன் பாத்துடலாம்.”

ஸ்கேன் எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். ஒன்று முகத்துக்கு வரும் நரம்பு. இன்னொன்று அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய். உயிருக்கு ஒன்றுமில்லையாம். சில மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் அடங்கும், ஆபரேஷனும் உண்டு, அதை யோசித்துச் செய்யலாம் என்றார். ஊசிக்கு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

எழுந்தவன் திரும்ப உட்கார்ந்தேன். “இடது பக்கம்னா ஏதாவது விசேஷமாம்மா?”

“வலது பக்கமும் வரும். எந்தப் பக்கம் உரசுதோ அந்தப் பக்கம்.”

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. எஞ்சினில் வயர் உரசினால் பிரித்துக் கட்டுகிறோம். எஞ்சினைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டா கடலுக்குப் போகிறோம்?

மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் சீட்டைப் படகுக்காரரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடா இது, ரெண்டு கோடு கீது?”

விளக்கினேன். “அதெல்லாம் சரி. துடிக்குதா இல்லியா?” என்றார்.

“துடிக்குது. நான் ஏறாத பன்னெண்டு நாள்ல நாலு நாள் வலை வெறுமனே வந்துதே அண்ணாத்த, அதுக்கு யாரு கண்ணு?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அக்கா வந்துவிட்டார்.

“நான் ஒண்ணு கேக்கறேன் அண்ணாத்த. அவன் கண்ணு யாரப் பாத்து துடிச்சுது? என்னப் பாத்துதான? அப்ப சகுனம் எனக்குத்தான? பொம்பளைக்கு இடது நல்லது. அன்னிக்கு சாயங்காலமே என் மருமவ மாசமா கீறான்னு சேதி வந்துது. ஏத்து அவன!”

ஸ்கேனும் டாக்டரும் செய்யாததை அந்தக் கணக்கு செய்தது. படகுக்காரர் தலையைச் சொறிந்தார். சிரிப்புகூட வந்துவிட்டது அவருக்கு.

“அப்டி ஒண்ணு கீதோ? சரி, நாளைக்கு வந்து ஏறு. நீ நம்ம படகுக்கு லக்கிடா.”

சரி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“லக்கின்னு ஏத்தாத அண்ணாத்த. நாளைக்கு மீனு இல்லன்னா மறுபடி எறக்குவ. வலை இழுக்கறவன்னு ஏத்து. இல்லன்னா வேணாம்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “கெடச்ச சோத்துல கல்லு பொறுக்கறான் பாரு!”

படகுக்காரரின் சிரிப்பு நின்றது. வலைச் சிக்கலைப் பிரிக்கக் குனிந்துகொண்டார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும், பரோட்டாக் கல் எங்கேயும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்தப் படகுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது போனேன். மூன்று பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அலை படகைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் என் பழைய இடத்தில் தோளைக் கொடுத்தேன். படகு மிதந்ததும் அவர்கள் தாவி ஏறினார்கள். நானும் ஏறினேன். படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் என் முகம் இழுத்தது. நான் அதைத் திருப்பிக்கொள்ளவில்லை. முழுசாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

“வலையாண்ட போய் குந்து,” என்றார். “பேஜார் பண்ணாத.”

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் போல அடங்கியிருக்கும், பிறகு திரும்பும். முகம் அசையாமல் இருக்கும் மாதங்களிலும் வலை வெறுமனே வருவதுண்டு. அந்த நாட்களில் நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இன்னிக்கு யாரு கண்ணு அண்ணாத்த?” என்பேன்.

“வாய மூடிக்கினு இழுடா,” என்பார்.