யாரும் அவுட் ஆகாத ஆட்டம்

சுனாமி அலை வந்து போன அடுத்த வருஷம், ஊருக்குப் பாயும் பிளாஸ்டிக் குடமும் கொடுக்க வந்தவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வகுப்பில் எல்லோரும் கூடி ஆடுகிற ஆட்டங்கள் அதில் இருந்தன. எதிலும் ஜெயிப்பவர் கிடையாது, தோற்பவர் கிடையாது, முக்கியமாக யாரும் அவுட் கிடையாது. எந்த ஆட்டத்திலும் முதல் ஆளாக அவுட்டாகி ஓரமாக உட்கார்ந்தே பழகிப்போன எனக்கு, சாமியே கண் திறந்த மாதிரி இருந்தது. டீச்சர் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, படித்துவிட்டுத் திங்கட்கிழமை ஓர் ஆட்டம் சொல்லித்தரச் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழி. அம்மா கோழிக்குழம்பு வைத்தால் பக்கத்து வீடுகளும் சேர்ந்து தும்மும். காய்ந்த மிளகாயை வறுத்து, மிளகும் பூண்டும் சேர்த்து அம்மியில் மைய அரைப்பாள். கையை அவ்வப்போது பக்கத்தில் கிடக்கும் துண்டில் துடைத்துக்கொள்வாள்.

அப்பாவின் அண்ணனும் எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத பெரியப்பா. அப்பாவுக்கு முன்னாலிருந்தே உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர். வெள்ளை உப்பில் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்து அவர் கண் எப்போதும் சிவந்திருக்கும். எதிரில் போய் நின்றால்கூட, "யாரது, கலெக்டரா?" என்று கேட்பார். கேலி செய்கிறார் என்று நினைத்து நானும், ஆமாம் கலெக்டர்தான் என்பேன்.

அன்றைக்கு அப்பா மட்டும் உப்பளத்துக்குப் போயிருந்தார். குழம்பை அடுப்பில் ஏற்றிய அம்மா, பெரியப்பாவிடம் எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனாள். புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஆட்டத்தை ஆடிப்பார்க்க அதுதான் சமயம். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கைபிடித்துத் தடுக்கி விழாமல் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வயதுத் தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அம்மிக்குப் பக்கத்தில் துண்டு கிடந்தது. இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டேன்.

அவன் நாலடிகூட வைக்கவில்லை. அந்த மாதிரி ஓர் அலறலை அலை வந்த அன்றைக்குத்தான் கேட்டிருந்தேன். இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை. துண்டு செக்கச்செவேல் என்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒருவழியாக உருவி எடுத்தும் அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அக்கா, கண்ணு தெரியலக்கா."

தம்பியைக் குருடாக்கிவிட்டேன் என்றே முடிவுசெய்துவிட்டேன். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் தம்பியை விட்டுவிட்டு என்னை வாரியெடுத்துப்போய்க் குடத்துத் தண்ணீரால் என் முகத்தைக் கழுவத் தொடங்கினார். நானில்லை, அவன்தான் என்று கத்திய பிறகே விட்டார். பயத்தில் பெரியவர்களுக்கும் புத்தி தடுமாறும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் வந்துவிட்ட அம்மா தேங்காயைப் போட்டுவிட்டுக் குடம் குடமாக ஊற்றினாள். வெகுநேரம் கழித்து வீங்கிய கண்ணைத் திறந்து தம்பி என்னை முறைத்தான். முறைக்கிறான் என்றால் தெரிகிறது. அந்தப் பயம் போய் அடுத்த பயம் வந்தது. அப்பா வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்திருந்தது. அம்மா துண்டைத் தூக்கிக் காட்டி, இது யார் வேலை என்று கேட்டாள்.

"பெரியப்பாதான் எடுத்துக் குடுத்தாரு" என்றேன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆமாம்மா. மொளகாத் துண்டுன்னு தெரியல. எனக்குக் கண்ணு சரியா தெரியறதில்ல. ரொம்ப நாளாவே."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அப்பா கேட்டார். "சொன்னா உப்பளத்துக்கு வர வேணாம்பே" என்றார் பெரியப்பா. மறுநாள் அப்பா அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

எனக்கோ ஒரே ஆச்சரியம். என்னை அடியிலிருந்து காப்பாற்ற எவ்வளவு பெரிய பொய்! ஆனால் அவர் மாட்டிக்கொண்டால் நானும் மாட்டிக்கொள்வேனே. சாப்பிடும்போது கறித்துண்டைத் தட்டில் தடவித் தேடினால், நன்றாக நடிக்கிறார் என்று நிம்மதியாக இருக்கும். வழியில் கிடக்கும் செம்பைத் தப்பித்தவறித் தாண்டி நடந்துவிட்டால், அம்மா பார்த்துவிட்டாளோ என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். திங்கட்கிழமை வகுப்பில் என்ன ஆட்டம் சொல்லித்தந்தேன் என்பதுகூட நினைவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் அவர் காதோடு சொன்னேன்.

"யாரும் இல்ல பெரியப்பா. இப்ப நடிக்க வேணாம்."

கையை நீட்டித் தடவி என் தலையைத் தொட்டார். பிறகு சிரித்தார்.

"சரி, அந்த பொஸ்தகத்து ஆட்டத்த ஆடலாமா? நான் கண்ண மூடிக்கறேன். உப்பளம் வரைக்கும் கூட்டிட்டுப் போ."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். ஓரிடத்தில்கூட அவர் தடுக்கி விழவில்லை. உப்பளத்துக் கரையில் ஏறி, உப்புக் குவியல்கள் இருக்கும் திக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தால் கண் இரண்டும் திறந்தே இருந்தன. எனக்கு வந்த கோபத்தில் கையை உதறினேன்.

"கண்ண மூடவே இல்ல. அழுகுணி ஆட்டம் ஆடறீங்க."

தப்புதான் என்று சொல்லி உடனே இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, என் கைக்காகத் தன் கையை நீட்டியபடி நின்றார். ஏமாற்றினவருக்குத் தண்டனை வேண்டாமா? மனசுக்குள் ஐம்பதுவரை எண்ணி முடித்த பிறகுதான் கையைக் கொடுத்தேன்.