ஒரே வீட்டில் இரண்டு ஜட்ஜ்மெண்ட்

கல்யாணமான புதிதில் நான் திருவொற்றியூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். முதல் நாளே அவர் சொல்லிக்கொடுத்தது, கோர்ட் காகிதத்தில் இங்கிலீஷில் ஜட்ஜ்மெண்ட் என்று அடிக்கும்போது 'ஜி' எழுத்துக்குப் பிறகு 'இ' போடக்கூடாது என்பது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'இ' போட்டுத்தான் பழகியிருந்தேன். விரல் அங்கே தானாகப் போகும், வெள்ளைத் திரவத்தைத் தடவி அழிப்பேன். எனக்கு அந்த வார்த்தை என்றால் பச்சைத் தாள், கார்பன் மை, தீர்ப்பு.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் டிரைவர். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு மாதவரம், மணலி குடோன்களில் இறக்குவார். அதே வார்த்தையை அவரும் நாளெல்லாம் சொல்வார்.

"வண்டிய எவன் வேணா ஓட்டுவான்மே. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு, அப்பத் தெரியும். ஜட்ஜ்மெண்ட் வோணும்."

அவர் சொன்னது அளவு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின் சக்கரத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு இடம் என்று உடம்பால் தெரிந்துகொள்வது. அவரை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். ஹை ரோட்டில் எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு நீள டிரெய்லர் குடோன் கேட்டுக்குள் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுதான் சந்து. பஸ்ஸில் இருந்தவர்கள் திட்டுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். உரசாமல் உள்ளே போனதும் கண்டக்டர் விசிலடித்தார், ஜன்னலில் தலையை நீட்டியிருந்த டிரைவர் சிரித்தார். பிறகு தூரத்துச் சொந்தம் என்று ஒரு ஜாதகம் வந்தபோது, போட்டோவில் அதே முகம். உடனே சரி என்றேன்.

என் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. மாசச் சம்பளக்காரனாகப் பார்க்கலாம் என்றிருந்தான். "டைப் ஹையர் பாஸ் பண்ணிட்டு டிரைவரக் கட்டிக்கிறியே, உன் ஜட்ஜ்மெண்ட்டே ராங்கு" என்றான். அவனுக்கு அந்த வார்த்தையில் மூன்றாவதாக ஓர் அர்த்தம். கல்யாணத்துக்கு வந்தான். வந்து நன்றாகவே சாப்பிட்டான்.

மகள் யூகேஜி படிக்கும்போது அது நடந்தது. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் தகடு இறக்க அவர் காத்திருந்திருக்கிறார். பக்கத்தில் யாரோ கம்பி அறுத்துக்கொண்டிருக்க, ஒரு பொறி பறந்து வலது கண்ணில் விழுந்திருக்கிறது. துண்டால் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டி வீடு வந்துவிட்டார். "தூசு" என்றார். கண் சிவந்து வீங்கியபோதுதான் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு கண்ணும் சேர்ந்து பாத்தாதான் தூரம் சரியா தெரியும். இனிமே கிட்ட இருக்கிற பொருள்ல உங்களுக்கு ஜட்ஜ்மெண்ட் இருக்காது. போகப் போகக் கொஞ்சம் பழகும். பாப்பாவோட பந்து விளையாடுங்க."

வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "நம்ம வார்த்தைய டாக்டரம்மாவும் சொல்றாங்க பாத்தியா" என்றார். ஆட்டோவில் ஏறியதும் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு முன்னாலேயே விழும். சட்டையை ஆணியில் மாட்டினால் சட்டை தரையில் கிடக்கும். ஒரு நாள் அவர் ஊற்றும்போது நான் டம்ளரை மெல்ல நகர்த்திக் கொடுத்தேன். பார்த்துவிட்டார்.

"நான் இன்னா குருடனாமே? வுடு."

விட்டேன். அதற்குப் பிறகு டம்ளரின் விளிம்பில் சொம்பை முட்டவைத்து, அப்புறம் ஊற்றக் கற்றுக்கொண்டார். டங் என்று ஒரு சத்தம் வரும். அடுப்படியிலிருந்தபடியே அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

மாலையில் சந்தில் மகளோடு பந்து விளையாடுவார். அவள் போடும் பந்து அவர் நெஞ்சில் விழும், மூக்கில் விழும். இவர் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "நைனா, சீக்கிரமே கைய மூடிட்ட!" நாள் போகப் போக, தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்தால் தூரம் பிடிபடுகிறது என்று கண்டுபிடித்தார். முதல் பந்தைப் பிடித்த அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனார்.

அதில் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ரோட்டுக்கு வேண்டாம், கன்டெய்னர் அடுக்கிவைக்கும் யார்டுக்குள் மட்டுமாவது ஓட்டலாம் என்று நினைத்தார். எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் வேலை செய்த அவருடைய தோஸ்து, ஞாயிற்றுக்கிழமை காலி வண்டி ஒன்று தருகிறேன், ஓட்டிப் பார் என்று சொல்லியிருந்தார்.

முந்தின நாள் நான் ஆபீஸில் ஒரு விபத்துக் கேஸின் தீர்ப்பு நகலை அடித்தேன். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது சைக்கிளில் போனவர் இறந்துபோன கேஸ். அதில் ஒரு வரி, டிரைவர் செய்தது எரர் ஆஃப் ஜட்ஜ்மெண்ட் என்று. நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். கோர்ட்டின் வார்த்தையும் என் வீட்டுக்காரரின் வார்த்தையும் ஒரே தாளில் நின்றன.

தினமும் சாப்பிடும்போது, "இன்னிக்கி இன்னா தீர்ப்பு?" என்று கேட்பது அவர் பழக்கம். அன்றைக்கும் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன்.

"எரர்னா?"

"தப்பு. கணக்கு தப்பிப்போச்சுன்னு அர்த்தம்."

"அவனுக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சா?"

"அதெல்லாம் போடலங்க."

தட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். யார்டு காலியாக இருந்தது. அடுக்கிய கன்டெய்னர்களுக்கு நடுவில் ஒரு சந்து, அதற்குள் வண்டியைப் பின்னால் விட வேண்டும். நான் ஓரமாக நின்றேன். வண்டி நேராக வந்தது. வளைந்தது, ஒழுங்காக உள்ளே போனது. எதிலும் இடிக்கவில்லை. தோஸ்து, "மாமு, சோக்கா கீது!" என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் இறங்கிப் பின்னால் போனார். டிரெய்லருக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் மிச்சம். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முட்டப் போகுதுன்னு நெனச்சி நிறுத்தினேன்மே" என்றார் என்னிடம். "இவ்ளோ இடம் கீது. இத்த முட்டப் போகுதுன்னு நெனச்சா, முட்டப் போறத இவ்ளோ இடம் கீதுன்னும் நெனைப்பேன். குறுக்கால ஒரு புள்ள வந்தா?"

சாவியைத் தோஸ்திடம் கொடுத்தார். அவர் வாங்க மாட்டேன் என்றார். இவர் அவருடைய சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார். யாரும் என் வீட்டுக்காரரை ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தார். மகளை ஸ்கூலில் விட்டு வந்தார், மீன் வாங்கி வந்தார். ராத்திரியில் புரண்டு படுப்பது எனக்குத் தெரியும். பிறகு அதே யார்டில் ரிப்பேர் பிரிவில் சேர்ந்தார். டயர் கழற்றி மாட்டும் வேலை, கை போட்டுத் தடவிச் செய்வது. தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது, வாசலில் அவன் ஸ்கூட்டரின் பஞ்சரான சக்கரத்தை இவர் கழற்றிக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். நான் போய்க் கேட்கவில்லை.

ரோட்டைத் தாண்டுவதுதான் அவருக்கு இன்றுவரை கஷ்டம். வருகிற வண்டி கிட்ட இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று குழம்பிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அதுவரை வெளியே என் கையைப் பிடித்ததில்லை அவர், கூச்சம். ஒரு சாயங்காலம் மார்க்கெட் போகும் வழியில், ஹை ரோட்டு ஓரத்தில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பாத்துச் சொல்லுமே. உன் ஜட்ஜ்மெண்ட்தான்."

பஸ் ஒன்று போகட்டும் என்று நின்றோம். அப்புறம் ஒரு லாரி. "இப்ப வாங்க" என்றேன். தாண்டினோம். அந்தப் பக்கம் வந்த பிறகும், பூக்காரம்மா பார்க்கிறார் என்று தெரிந்தும், அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.