எந்தக் கோட்டையும் மலையல்ல

வங்கித் தேர்வின் தர்க்கப் பகுதியில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. கேள்வியில் கொடுத்த வாக்கியம் பொய்யாக இருந்தால் அதோடு சண்டைக்குப் போவேன்.

'எந்தக் கோட்டையும் மலையல்ல. எல்லா அரண்மனைகளும் கோட்டைகளே. அப்படியானால், எந்த அரண்மனையும் மலையல்ல என்பது சரியா?' சரிதான். நான் தவறு என்று போட்டேன். செஞ்சி நூலகத்தின் ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும். உச்சிவரை கோட்டையோடு நிற்கும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே கோட்டை மலையல்ல என்று எவனால் ஒப்புக்கொள்ள முடியும்?

எதிரே உட்கார்ந்து படித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அதே தேர்வுக்குத்தான் அவளும் படித்தாள். கையிலிருந்து இரண்டு வளையல்களைக் கழற்றி மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தாள். ஒன்று கோட்டை, இன்னொன்று மலை. கோட்டை வளையலுக்குள் என் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் போட்டாள். அது அரண்மனை.

"மூடி அந்த வளையலத் தொடுதா? தொடல இல்ல? அவ்ளோதான். கேள்வியில இன்னா குடுத்துருக்கானோ அத மட்டும் நம்பு. உன் கண்ணால பாத்தத உள்ள கொண்டாராத."

இரண்டு வருடம் அப்படிப் படித்தோம். நான் நூலகத்துக்குப் போனதே அந்த வளையல் சத்தத்துக்காகத்தான். அதை அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் மனதில் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினேன்.

அவள் தேறினாள், நான் தேறவில்லை. அவளுக்குச் சென்னையில் வேலை. கிளம்பிய அன்று அவளுடைய நைனாவால் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் வேலையை விட்டு வர முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நான்தான் போனேன். திண்டிவனம் பேருந்து வந்தது. பாதி இருக்கை காலி.

"கூட்டமா இருக்குது. அடுத்ததுல போறேன்" என்றாள்.

அடுத்ததும் வந்தது. அதில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். "இதுலயும் கூட்டம்" என்றாள், என் முகத்தையே பார்த்தபடி. அவள் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்குப் பார்த்து நான் ஒழுங்காகச் செய்தேன். அவள் சொன்னதை நம்பினேன். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டேன். "ஆமா, கூட்டந்தான்" என்றேன்.

ஐந்து வருடமாகிறது. அந்த ஒரு 'ஆமா'வை நினைத்தால் இன்னும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது. அவளை ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

மூன்றாவது பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. அவள் அதில் ஏறிப் போய்விட்டாள்.