சவுக்கு வேலிக்குள் ஒரு முதலை

2009, தை மாதம். காலை ஆறு மணி. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனவன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். என் சுபாவம் அப்படி. எட்டாவதோடு படிப்பை விட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சவுக்குக் கம்பு விற்கும் கடையில் சேர்ந்தவன் நான். இப்போது கிளம்பியது தங்கை செல்வியைக் கையோடு அழைத்து வர. கார்த்திகை வெள்ளம் வடிந்த மறுநாள் முதலை அவள் வலது கையைக் கவ்விவிட்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி, அவள் ஊருக்குப் போக எனக்குப் பயம்.

சிதம்பரம் பஸ்ஸில் டிக்கெட் பதினேழு ரூபாய். எங்கே என்று கேட்ட பக்கத்து சீட்டுக்காரரிடம் பழைய கொள்ளிடக் கரை என்றேன். "மொதல ஊரா? தண்ணியில கால வெச்சிடாதீங்க," என்று சிரித்தவர் புதுச்சத்திரம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

எட்டு மணிக்குச் சிதம்பரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தெற்கே பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் படுத்துவிட்ட நெல், அழுகல் வாடை. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் கம்புகள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆற்றில் முதலை நடமாட்டம் என்று செல்வி போனில் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு வேன் நிறையக் கம்பு அனுப்பினேன். அவள் வீட்டுக்காரர் ராசு படித்துறையைச் சுற்றித் தண்ணீருக்குள் அரைவட்டமாக நெருக்கி அடித்தார். ஊரில் அடிபம்பு உப்பு. குளிக்க, துவைக்க ஆறுதான். பெண்கள் தைரியமாக வேலிக்குள் இறங்கினார்கள். கார்த்திகையில் வெள்ளம் கம்புகளுக்கு மேலே போயிற்று. வடிந்தபோது முதலை உள்ளே தங்கிவிட்டது. இப்படியும் நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கும் தோன்றவில்லை.

ராசு திட்டுவார் என்று நினைத்திருந்தேன். டீயை என் கையில் கொடுத்துவிட்டு ஆற்றையே பார்த்தார்.

"ஒங்க சவுக்கு ஒண்ணுகூட சாயல மச்சான். அவ்ளோ ஸ்ட்ராங்கு."

திட்டியிருக்கலாம். அந்த முதலையை வனத்துறைக்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்களாம். ஆற்றில் இன்னும் எத்தனை கிடக்கிறதோ தெரியாது என்றார்.

கடலூருக்கு வந்துவிடு, வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது என்று செல்வியிடம் கெஞ்சினேன். ரெண்டு எருமையையும் குழாயடியிலயா குளிப்பாட்டுவ என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

"அங்க வந்து ஒத்தக் கையோட ஒன் சோத்தத் தின்னுட்டு ஒக்காந்திருக்கவா? இங்கன்னா மாட்டையாவது பாத்துக்குவேன். போண்ணே."

நாலு மணிக்குக் கிளம்பினேன். இடது கையில் வாளியோடு கரை வரை வந்தவள், வேலியைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் வெறும் ஆற்றில் இறங்கினாள். கத்திவிட்டேன்.

"அதுக்குள்ள இப்ப யாரும் எறங்கறதில்லண்ணே. இங்கன்னா ஓடவாவது எடம் இருக்கு."

முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து மொண்டாள். ஆட்டோ திரும்பும் வரை அவளைச் சுற்றியிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்கு வீடு. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். பழக்கத்தில் தாழ்ப்பாளையும் போட்டேன். அதற்கப்புறம் அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் குளித்தேன்.