இடது கைக்காரியின் வீடியோ

எங்கள் டீமில் என்னை ‘லெஃப்ட் ஹேண்ட் சரளா’ என்று கூப்பிடுவார்கள். நான் வலது கைக்காரி. அந்தப் பெயர் வந்த கதையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். இந்த முறை எழுதியே வைக்கிறேன். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

1. வேலை என்ன என்றால்

பெங்களூர் தொம்மலூரில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம், நான்காவது மாடி. ஒரு பெரிய வீடியோ தளத்துக்காக வேலை செய்யும் கான்ட்ராக்ட் கம்பெனி. ‘என் பெயரில் எவனோ போலிக் கணக்கு வைத்திருக்கிறான்’, ‘என் வீடியோவைத் திருடிப் போட்டிருக்கிறார்கள்’ என்று மக்கள் அனுப்பும் புகார்கள் வரிசையாக எங்கள் திரைக்கு வரும். அந்த வரிசைக்குப் பெயர் க்யூ. ஒரு புகாருக்குத் தொண்ணூறு விநாடி. அதற்குள் எது அசல், எது நகல் என்று முடிவு செய்து பட்டனைத் தட்ட வேண்டும். நான் கிருஷ்ணகிரிக்காரி என்பதால் தமிழில் வருவதெல்லாம் என் தலையில் விழும்.

இரண்டு வருடத்தில் எனக்கு மோப்ப சக்தியே வந்துவிட்டது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் தலைகீழாக மாட்டிக்கொண்டு சர்க்கரை நோய்க்கு மருந்து சொன்ன ‘டாக்டர்’, ஒரே போட்டோவை வைத்து நான்கு ஊர்களில் கல்யாண வரன் தேடிய ‘இன்ஜினியர்’ எல்லாம் என் கையில் சிக்கியவர்கள்தான். பக்கத்து சீட் ஷபானா, போலி என்று தெரிந்தால் நான் நாக்கைச் சப்புக் கொட்டுவேன் என்பாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளும் எட்டிப் பார்ப்பாள். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

2. என் கண்டுபிடிப்பு

வீடியோ திருடுகிறவர்கள் அதை அப்படியே போட மாட்டார்கள். போட்டால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும். அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றிப் புரட்டிப் போடுவார்கள். எழுத்து ஏதாவது தெரிந்தால் அது இடவலம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தே இல்லாத வீடியோ என்றால் தலைவலிதான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புரட்டினால் வலது கை இடது கையாகிவிடும். வெங்காயம் வெட்டுகிறவர், கோலம் போடுகிறவர், எல்லாரும் இடது கைக்காரர்களாகத் தெரிவார்கள். ஆகவே இரண்டு வீடியோ ஒரே மாதிரி இருந்தால், இடது கையால் வேலை செய்வது நகல். பத்து விநாடியில் தீர்ப்பு. என் வேகம் இரண்டு மடங்கானது.

மேனேஜர் மஞ்சுநாத் சார் அதை எங்கள் கைடு ஷீட்டிலேயே ஏற்றிவிட்டார். அவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசினால் பாதி கன்னடமாக இருக்கும். டீம் முன்னால் நிற்க வைத்து, “சரளா தலெ யாருக்கும் இல்ல” என்று சொல்லி மைசூர் பாக் கொடுத்தார். பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான். அப்போது அது பாராட்டு.

3. பரிமளா

பெயரை மாற்றியிருக்கிறேன். ஜாக்கெட் கட்டிங் சொல்லித்தரும் ஒரு பக்கம். முகம் காட்ட மாட்டார்கள். மேஜை, துணி, சாக்பீஸ், கத்தரிக்கோல், இரண்டு கைகள், தமிழில் ஒரு நிதானமான குரல், அவ்வளவுதான். அதே வீடியோக்கள் இன்னொரு பெரிய பக்கத்திலும் இருந்தன. அங்கே குரல் மட்டும் கம்ப்யூட்டர் பேசும் ஆங்கிலம். அந்தப் பெரிய பக்கம்தான் பரிமளா மேல் புகார் கொடுத்திருந்தது.

தேதியைப் பார்த்தேன். பெரிய பக்கத்தில் முன்னால் ஏறியிருந்தது, பரிமளாவிடம் பின்னால். கையைப் பார்த்தேன். பெரிய பக்கத்தில் வலது கை வெட்டியது, பரிமளாவிடம் இடது கை. நாக்கைச் சப்புக் கொட்டினேன். பக்கத்தை மூடினேன்.

இரண்டு நாளில் அப்பீல் வந்தது. தமிழ் என்பதால் அதுவும் என்னிடமே வந்தது. போனில் பேசிப் பேசி எழுத்தாக்கியது போலிருந்தது. மூன்று வருடமாக இருநூறுக்கு மேல் வீடியோ போட்டிருக்கிறேன், பழைய போன் தண்ணீரில் விழுந்து போச்சு, வேறு எங்கும் காப்பி இல்லை, கிளாஸுக்குப் போக வீட்டில் விடாத பெண்கள் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தார். முதலில் சினிமா பாட்டு சேர்த்துப் போட்டாராம். பாட்டுக்கு உரிமை இல்லை என்று எச்சரிக்கை வந்ததால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாட்டில்லாமல் மறுபடி ஏற்றினாராம். கடைசி வரி இது: ‘இது என் கைதான் மேடம். என் கை எனக்குத் தெரியாதா?’

அந்த வரியை ஷபானாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். திருடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அவளிடம் சொன்னேன். பாட்டுக் கதையைச் சரிபார்த்திருந்தால், தேதி ஏன் பின்னால் போனது என்று அங்கேயே தெரிந்திருக்கும். தொண்ணூறு விநாடியில் யார் சரிபார்ப்பது? டெம்ப்ளேட் பதிலை அனுப்பினேன். நல்ல மனசு எனக்கு, வெறுமனே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று அனுப்பாமல் காரணத்தையும் சேர்த்தேன்: ‘உங்கள் வீடியோ புரட்டிப் போடப்பட்ட நகல். கை இடம் மாறித் தெரிகிறது.’

4. கிளிப்

மூடிய பக்கம் முப்பது நாள் கிடங்கில் கிடக்கும். அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். அழிந்தது அழிந்ததுதான், முதலாளியே வந்தாலும் எடுக்க முடியாது.

இருபத்தேழாவது நாள் காலை ஷிப்டில், போலிக் கணக்குகள் க்யூவில் ஒரு புகார் வந்தது. அந்தப் பெரிய பக்கம், ‘எங்களைப் போலவே நடிக்கும் போலி’ என்று ஒரு புதுக் கணக்கைக் காட்டியிருந்தது. திறந்தால் பரிமளா. தன் பெயரிலேயே புதிதாகத் தொடங்கி ஒரே ஒரு வீடியோ போட்டிருந்தார். கைக்கு இவ்வளவு தைரியமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போலி என்று புகார் வந்தால், புகாருக்கு ஆளானவர் ஒரு கிளிப் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாங்கள் அனுப்பும் ஆறு எண்களைக் கேமரா முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும். மதியத்துக்குள் கிளிப் வந்துவிட்டது.

நாற்பது வயதிருக்கும். காதோரம் நரை, கழுத்தில் இஞ்ச் டேப். ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணாக, பெரிதாக, அழகாக எழுதினார். இடது கையால்.

எண்கள் நேராக இருந்தன.

நான் மறுபடி ஓட்டினேன். கை இடது. எண்கள் நேர். புரட்டாத வீடியோ. தாளைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் பேசினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

“ஸ்கூல்ல இந்தக் கையில எழுதுனேன்னு ஸ்கேலால அடிச்சாங்க மேடம். சாப்பிடுறப்ப எங்க வீட்டுல அடிச்சாங்க. தையல் கத்துக்கப் போன எடத்துல கத்தரிக்கோலப் புடுங்குனாங்க. எல்லாத்தையும் தாண்டி இந்தக் கைய வெச்சுத்தான் நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்குறேன். நீங்க இந்தக் கையே பொய்யின்னு எழுதிட்டீங்க. நான் எங்கன்னு போய்க் கேக்கறது, சொல்லுங்க?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவருடைய பழைய வீடியோக்களைக் கிடங்கிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டாவது வீடியோவின் மூலையில் தையல் மெஷின் எட்டிப் பார்த்தது. சக்கரம் வலப்பக்கம். பெரிய பக்கத்தில் அதே வீடியோவைத் திறந்தேன். சக்கரம் இடப்பக்கம். உலகத்தில் எந்த மெஷினுக்கு ஐயா சக்கரம் இடப்பக்கம் இருக்கிறது? எங்கள் வீட்டிலேயே ஒரு மெஷின் இருந்தது, அந்தச் சக்கரத்தில் விரலை விட்டு நசுக்கிக்கொண்டவள் நான். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. கையைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

5. மஞ்சுநாத் சார் கேபினில்

மூடியதைத் திறக்க ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் ‘தளத்தின் கோளாறு’ அல்லது ‘பரிசீலித்தவரின் தவறு’, இரண்டில் ஒன்று. இரண்டாவதைப் போட்டால் நம் ஸ்கோர் சரியும். அந்த மாதம் என்னை டீம் லீட் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது.

சார் கிளிப்பை முழுக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, “கோளாறுன்னே போட்டுபிடி சரளா. அந்தம்மாவுக்குப் பக்கம் வாபஸ் கிடைக்கும், உங்களுக்கும் லீட் கிடைக்கும். யாருக்கு நஷ்டம்?” என்றார். கெட்ட மனுஷர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோளாறு என்று போட்டால் அந்த ஒரு பக்கத்தோடு கேஸ் முடிந்துவிடும். கைடு ஷீட்டில் என் விதி அப்படியே நிற்கும். நாளைக்கு இன்னொரு இடது கை வரும், இன்னொருத்தர் நாக்கைச் சப்புக் கொட்டுவார்.

“சார், ஷீட்ல இருக்கறது என் ரூல். இந்தம்மா மாதிரி எத்தன பேர மூடியிருக்கோம்னு எனக்குத் தெரியணும்” என்றேன்.

அவர் படிவத்தைத் திரையில் திறந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் கொடுத்தார். படிவத்தில் என் தவறு என்று நானே டிக் செய்தேன். மாலை ஐந்து மணிக்குள் பரிமளாவின் பக்கம் திறந்துவிட்டது. இருநூற்றுச் சொச்சம் வீடியோவும் பத்திரம். பெரிய பக்கத்தை மூடினோம்.

அடுத்த வாரம் முழுக்க நானும் ஷபானாவும் உட்கார்ந்து, அந்த விதியை வைத்து மூடிய பக்கங்களை எல்லாம் தோண்டினோம். நாற்பத்தொன்று இருந்தது. அழிந்துபோன பக்கங்களுக்கு, அவர்கள் அனுப்பிய அப்பீல்களும் எதிர்ப் பக்கத்தில் இன்னும் கிடந்த வீடியோக்களும்தான் சாட்சி. பெரும்பாலும் நிஜமான திருட்டுத்தான். மூன்று பேர் மட்டும் பிறவி இடது கைக்காரர்கள். மெஹந்தி போடும் பெண் ஒருத்தி தப்பித்தாள், அவளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பீன்யா பக்கம் பரோட்டா போடும் மாஸ்டர் ஒருவர், மண்பொம்மை செய்யும் அம்மா ஒருவர், இருவருக்கும் முப்பது நாள் தாண்டிவிட்டது.

மாஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற டெம்ப்ளேட் வரியை எடுத்துவிட்டு, ‘தவறு எங்களுடையது, உங்கள் கை மேல் ஒரு பிழையும் இல்லை’ என்று போட அனுமதி கேட்டுச் சண்டை பிடித்தேன். கொடுத்தார்கள். அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஏன் வர வேண்டும்?  லீட் பதவி அடுத்த வருடம்தான் வந்தது, அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் புதுப் பிள்ளைகள், அப்போ என்ன ரூல் மேடம் என்று கேட்பார்கள். ரூல் இருக்கட்டும். ‘இது போலிதான்’ என்று உள்ளே ஒரு சந்தோஷம் கிளம்பும் பாருங்கள், அப்போது பட்டனில் இருந்து கையை எடுத்துவிடுங்கள். இது நிஜமாக இருந்தால் வேறு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவை கேளுங்கள். நிஜமான பரிமளா வேறு எந்தக் கையால் வெட்டியிருப்பார்?

அவர் பக்கத்தில் ஊர் ஈஜிபுரா என்று போட்டிருக்கும். நானும் ஈஜிபுராதான். புகாரில் சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் போகக் கூடாது, பேசக் கூடாது, லைக் கூடப் போடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் பார்ப்பதோடு சரி. பக்கம் திறந்த பிறகு அவர் போட்ட முதல் வீடியோவிலிருந்து இன்றுவரை ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். துணியை விரிப்பதற்கு முன்னால் இடது கையைக் கேமரா முன் விரித்துக் காட்டி, “வணக்கம், இது என் கைதான்” என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறார். பார்க்கிறவர்கள் அதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்து ஹார்ட் போடுகிறார்கள். அது யாருக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியும்.