வியாழக்கிழமை வயர்

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சகாயராணி சுவரிலிருந்து நீல வயரைப் பிடுங்குகிறார். அதைச் சுருட்டித் தம் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் வைக்கிறார். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி, பெரிய வால்வின் கைச்சக்கரத்தைச் சுற்றுகிறார். பாதி மூட இருபத்தாறு சுற்று, திறக்க இருபத்தாறு.

சற்று நேரத்தில் போன் அடிக்கும். கம்பெனியின் உள்ளூர் இன்ஜினியர் மதியழகன்.

“அக்கா, லைன் கட்டாயிருக்காம். மேல இருந்து கத்துறாங்க.”

“கட்டாகல அப்பு, நாந்தான் புடுங்குனேன். அரை மணி நேரம் கத்தட்டும். தொண்டை வறண்டா தண்ணி நம்மதான குடுக்கணும்?”

ஆத்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையம் அது. சகாயராணி பத்தொன்பது வருடமாக அங்கே ஆபரேட்டர், இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். ஒரு காலத்தில் அவர் சொல் கேட்ட மோட்டாரும் வால்வும் இன்று கம்ப்யூட்டர் சொல் கேட்கின்றன. அதைப் பொருத்திய கம்பெனி ஐந்து வருடத்தில் இரண்டு முறை கைமாறிவிட்டது. இப்போதைய முதலாளி எந்த நாடு என்று கேட்டால் மதியழகன் தலையைச் சொறிகிறார். ஆனால் அங்கே உட்கார்ந்தபடியே இந்த நீல வயர் வழியாக இங்குள்ள வால்வை மூடலாம்.

“வெளிநாட்டுக்காரன்னு எனக்கு வெறுப்பில்ல. எம் மக ஐரினே அங்கிட்டுத்தான் நர்ஸா இருக்கா. இன்னைக்கு இருக்குறவன் நல்லவனாவே இருக்கட்டும். நாளைக்கு அவன் வித்துட்டா, வாங்குறவன் யாரு?” என்பார் சகாயராணி.

நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்றே பலரும் நினைக்கிறோம். சகாயராணிக்கு அது வாரம் ஒரு முறை பிடுங்கிப் பார்க்க வேண்டிய ஒன்று.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வால்வு முழுதாகத் திறந்திருப்பதாகத் திரை பச்சையாகச் சொன்னது. சகாயராணி டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். குழாயின் சத்தம் வேறாக இருந்தது. உள்ளங்கையை வைத்தார், இரும்பு நடுங்கியது. நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் ஓட, வால்வு தானாக மூடிக்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் குழாய் வெடித்து, ஊர் வாரக்கணக்கில் காய்ந்திருக்கும். வயரைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்துக்கு ஓடினார். வாராவாரம் சுழன்ற சக்கரம்; அடம்பிடிக்காமல் திரும்பியது. கை தோலுரிய நாற்பத்தொரு சுற்று.

திண்டுக்கல் பேகம்பூரில் அன்றும் குடங்கள் நிரம்பின. எவருக்கும் எதுவும் தெரியாது.

வெளிநாட்டில் யாரோ பொத்தானைத் தவறுதலாக அமுக்கிவிட்டதாகக் கம்பெனி பதில் அனுப்பியது.

“தப்பா அமுக்குனதுக்கே இம்புட்டு. வேணும்னே அமுக்குனா?” என்றார் சகாயராணி. கம்பெனியிடமிருந்து அடுத்து வந்தது வேறொரு கடிதம்: இனி வயரைத் தொட்டால் வேலை போகும்.

அடுத்த வியாழக்கிழமை மதியழகனே ஓர் இரும்புப் பெட்டியோடு வந்தார். வயரை உள்ளே வைத்துப் பெட்டியைச் சுவரோடு முடுக்கி, பூட்டினார். அவர் முகம் நிமிரவில்லை.

“சாவி எங்க அப்பு போகுது?”

“சென்னைக்குக்கா. அங்கிருந்து எந்த நாட்டுக்கோ.”

மணி பதினொன்று. சகாயராணி தூக்குச்சட்டியைச் சற்றுத் தள்ளி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். தோல் இன்னும் ஆறாத உள்ளங்கையை மதியழகன் முன்னே நீட்டினார்.

மதியழகன் சாவிக்கொத்திலிருந்து பெட்டியின் சின்னச் சாவியைக் கழற்றத் தொடங்கினார்.